புஷ்பம் தொட்ட தோள்

நான் பார்க்காத ஒரு கொலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. கடைக்குள் ஒரு குண்டு பல்ப். அதன் கீழே கத்தியோடு ஒரு பையன் நிற்கிறான். அந்தக் கடைக்கு நான் ஒருநாளும் போனதில்லை. கண்டி நீதிமன்றங்களில் முப்பது வருடத்துக்குக் கிட்ட தமிழ் – சிங்கள மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். அந்தக் கொலையைக் கண்ட பெண் அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வாயாக நின்றேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள தொடர்பு.

எங்கள் வேலையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. சாட்சி "நான் பாத்தேன்" என்று சொன்னால், "அவள் பார்த்தாளாம்" என்று மொழிபெயர்க்கக் கூடாது. "மம தெக்கா", நான் பார்த்தேன், என்றே சிங்களத்தில் சொல்ல வேண்டும். சாட்சி அழுதால் நாங்கள் அழக்கூடாது. ஆனால் சாட்சியின் "நான்" எங்கள் "நான்" ஆக வேண்டும். வருடக்கணக்கில் இப்படிப் பேசிய ஒருத்தியின் தலைக்குள் என்னவெல்லாம் போய்த் தங்கும் என்று வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது நீதிமன்றத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, "கெமரா இருந்ததா?" என்றுதான். என்னோடு வேலை செய்த ஒருத்தி போனமாதம் போன் எடுத்து, "சாட்சிகள் பாடு இனி லேசு அக்கா, எல்லாம் வீடியோவில இருக்கு" என்றாள். நல்லதுதான். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து புஷ்பத்தின் வழக்கு என்னை விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா அங்கே கிளாக்கர். வேதக்கோயிலில் தமிழும் கடைவீதியில் சிங்களமும் பேசி வளர்ந்ததால் இரண்டும் ஒன்றாகவே வந்தன. மொழிபெயர்ப்பாளர் சோதனை எழுதி, வேறு ஊர்களில் சில வருடங்கள் அலைந்து, கண்டிக்கு மாற்றலாகி வந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. சட்டச் சொற்களை மனப்பாடம் செய்தேன். மற்றதையெல்லாம் சாட்சிகள்தான் கற்றுத்தந்தார்கள்.

சாட்சிகள் பொய் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பொய்யை ஒருவாறு பழகிக்கொள்ளலாம். பொய் சொல்பவன் தண்ணீர் கேட்பான், கேள்வியைத் திருப்பிக் கேட்பான். எனக்குப் பழகாமல் போனது வேறொன்று. அக்குறணையில் ஒரு லொறி விபத்து வழக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையொன்று இறந்துபோயிருந்தது. ரோட்டோரத்தில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார்தான் முக்கிய சாட்சி. விபத்தன்று பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில், லொறி ஹோன் அடித்ததா என்று தான் கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தார். வழக்கு விசாரணைக்கு வர வருடங்கள் ஆகின. கூண்டில் ஏறியவர், ஹோன் நீளமாக இரண்டு தரம் அடித்தது என்று சத்தியம் பண்ணினார். சட்டத்தரணி பழைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"மிஸ், நான் அஞ்சு வேளையும் தொழுற மனுசன். பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப் போகுது? அந்த ஹோன் சத்தம் இப்பவும் என்ட காதுல கேக்குதே!"

அவர் சொன்னதை நான் நம்பினேன். அவருக்குக் கேட்கத்தான் செய்தது. கடையில் வருடக்கணக்காக வந்துபோனவர்கள் எல்லாம் அந்த ஹோனைப் பற்றியே பேசியிருப்பார்கள். பேச்சு எப்போதோ சத்தமாகியிருந்தது.

பிரேதப் பரிசோதனைச் சாட்சியத்துக்காகப் பேராதனையிலிருந்து வரும் டொக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் காத்திருக்கும் நேரத்தில் பேசப் பிரியப்படுகிறவர். "அலுமாரியில வச்ச உடுப்ப எடுக்கிற மாதிரின்னு நினைக்கிறீங்க. அப்பிடி இல்ல. நினைக்கிற ஒவ்வொரு தடவையும் மூளை அத புதுசா தைக்குது. துணி குறைஞ்சா பக்கத்தில கிடக்கிறத எடுத்து ஒட்டுப் போடும். தைச்சு முடிச்சாப் பிறகு எது ஒட்டுன்னு தைச்சவனுக்கே தெரியாது" என்றார். அன்று அதைக் கெட்டிக்காரப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த நீதவானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேசையில் பால் ஊற்றாத தேத்தண்ணி ஆறிப்போய் இருக்கும். அதை ஆறிய பிறகுதான் குடிப்பார். சட்டத்தரணிகள் கத்தினால் பேனையை மூடிவைத்துவிட்டு அவர்கள் முடிக்கும்வரை ஜன்னலைப் பார்ப்பார். சாட்சியிடம் "ஞாபகப்படுத்திப் பாருங்கள்" என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை நான் அப்படி மொழிபெயர்த்தபோது கையால் நிறுத்தினார்.

"என்ன கண்டாய் என்று கேளுங்கள் மிஸ். ஞாபகப்படுத்து என்று சொன்னால் பாவம், எப்படியாவது ஞாபகப்படுத்தித் தந்துவிடுவார்கள்."

புஷ்பத்தின் வழக்கு அவரிடம்தான் வந்தது.

குண்டசாலையைத் தாண்டி ஒரு கிளை ரோட்டில் புஷ்பமும் அவள் கணவன் கணேசனும் சின்னதாக ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார்கள். தோட்டத்தை விட்டு வந்து, இரண்டு பேருமாக எழுப்பிய கடை. பிள்ளைகள் இல்லை. மழை பெய்த ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் சிகரெட் கேட்டிருக்கிறான். ஏதோ வாய்த்தர்க்கம். பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புஷ்பம் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது கணேசனின் வயிற்றிலிருந்து கத்தி வெளியே வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கணேசன் இறந்துவிட்டான்.

மரண விசாரணையில்தான் அவளை முதலில் பார்த்தேன். கடுதாசி மாதிரி வெளுத்திருந்தாள். நீதவான் கேட்டார், அவள் சொன்னாள்.

"மழைச் சட்ட போட்டிருந்தான் ஐயா. தலையில தொப்பிய இழுத்து விட்டிருந்தான். நான் கத்தியத்தான் பாத்தேன். பிடியில நீல டேப்பு சுத்தியிருந்திச்சு. ஒரு பக்கம் டேப்பு பிஞ்சி தொங்கிச்சு. மொகம் சரியா தெரியல. ஒல்லியான பொடியன்."

"சிங்களமா, தமிழா?"

"பேசினது சிங்களம்."

"திரும்பக் கண்டால் தெரியுமா?"

"தெரியல ஐயா" என்றாள்.

சில நாளில் பொலிசார் நுவன் என்ற இளைஞனைப் பிடித்தார்கள். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஒல்லி. ரோட்டில் நின்றவர்கள் சொன்ன நிறத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் அவனிடம் இருந்தது. முன்பு ஒரு அடிதடி வழக்கிலும் மாட்டியிருந்தான். அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும் என்று பொலிசார் கேட்டார்கள்.

அந்த அணிவகுப்பைப் போல ஒழுங்காக நடந்த ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. நுவனின் வயது, உயரம், நிறத்துக்கு ஒத்த ஆட்களை, அன்று வேறு வேலையாக வந்திருந்தவர்களிலிருந்து நீதவான் தானே பார்த்துத் தெரிவு செய்தார். ஒருவன் தடித்தவன் என்று திருப்பி அனுப்பினார். நுவனின் இடது புருவத்தில் பழைய காயத்தழும்பு ஒன்று இருந்தது. பிளாஸ்டர் வாங்கிவரச் சொல்லி, வரிசையில் நின்ற எல்லோருடைய இடது புருவத்திலும் ஒட்டவைத்தார். சப்பாத்துப் போட்டவர்களைக் கழற்றச் சொன்னார். பொலிசார் ஒருவரையும் அந்தப் பக்கம் விடவில்லை. "இவர்களில் யார் நிற்பதையாவது ஆட்சேபிக்கிறாயா?" என்று நுவனிடம் கேட்டார். "எந்த இடத்தில் நிற்க விரும்புகிறாய்?" என்றும் கேட்டார். நுவன் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தைக் காட்டினான். அவனுடைய சட்டத்தரணி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். குறை சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை.

புஷ்பத்தைக் கூட்டிவரும் முன்னர் நீதவான் வேறோர் அறையில் அவளிடம் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, சந்தேகநபர் என்று சொல்லி யாரையாவது உங்களுக்கு நேரில் காட்டினார்களா? படத்தில்?"

"இல்ல ஐயா."

"பத்திரிகையில்? போனில்?"

"இல்ல ஐயா. யாரும் காட்டல."

"அந்த ஆள் இந்த வரிசையில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அதில் பிழை ஒன்றுமில்லை."

தலையாட்டினாள். அறைக்குள் வந்தாள். வரிசையின் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக நடந்தவள் நுவனுக்கு முன்னால் வந்ததும் நின்றாள். வலது கையை நீட்டி அவனுடைய தோளைத் தொட்டாள். தொட்ட கையை நெருப்பில் வைத்ததுபோல இழுத்துக்கொண்டாள்.

"இவந்தான். இவந்தான் ஐயா. சாமி சத்தியமா இவந்தான்."

"மே தமய்" என்றேன் நான், நுவனின் முகத்துக்கு நேரே. அவன் என்னைத்தான் பார்த்தான், அவளை அல்ல. நீதவான் எழுதி முடித்துவிட்டு அவளுக்கு ஒரு கதிரை போடச் சொன்னார்.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வர மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு காலமும் நுவன் விளக்கமறியலில் இருந்தான். அங்கும் நானே மொழிபெயர்ப்பாளர். புஷ்பம் மாறியிருந்தாள், உடம்பு தேறி, குரலில் ஒரு உறுதி. கூண்டில் நின்று சொன்னாள்:

"அவரு சட்டைய புடிச்சி இழுத்தாரு. தொப்பி பின்னால விழுந்திச்சு. பல்ப் வெளிச்சம் நேரா மொகத்துல. புருவத்துல வெட்டுக் காயம் இருந்திச்சு. என்னைப் பாத்து பல்லக் கடிச்சான். செத்தாலும் அந்த மொகத்த மறக்க மாட்டேன்."

நுவனின் சட்டத்தரணி எழுந்தார். மரண விசாரணையில் முகம் தெரியவில்லை என்று சொன்னதை எடுத்துக் காட்டினார். தொப்பி விழுந்ததாக அன்று ஒரு வார்த்தையும் இல்லையே என்றார்.

"அப்ப நெஞ்சு பதறிக்கிட்டு இருந்திச்சு ஐயா. ஒண்ணும் சொல்ல வரல. இப்பத்தான் எல்லாம் தெளிவா வருது."

அதைச் சொன்ன விதத்தில் ஒரு துளி கபடம் இல்லை. எதிரே இருந்த எல்லோரும் அவளை நம்பினார்கள் என்று அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நானும் நம்பினேன். "மம தெக்கா, மம தெக்கா" என்று அன்று முழுவதும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அந்தத் தொப்பி விழுவதை நான் கண்ணால் கண்டிருந்தேன்.

வழக்கு முடியவில்லை. தவணை போட்டார்கள். அந்த இடைவெளியில், வேறொரு மாவட்டத்தில் கடையொன்றைக் கொள்ளையடித்த ஆள் ஒருவன் அகப்பட்டான். அவன் வீட்டில் எடுத்த கத்தியில் நீல டேப் சுற்றியிருந்தது. ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. டேப்பைப் பிரித்துப் பார்த்தபோது உள்மடிப்பில் காய்ந்த இரத்தம். பரிசோதனையில் அது கணேசனின் இரத்தம் என்று வந்தது. அவனும் ஒத்துக்கொண்டான். அவனை நான் பிறகு பார்த்தேன். நுவனைவிடப் பத்து வயதாவது மூத்தவன், உருண்டை முகம். புருவத்தில் ஒன்றுமில்லை. சட்டமா அதிபர் வழக்கைத் திரும்பப் பெற, நுவனை விடுதலை செய்தார்கள்.

கத்தியைப் பற்றி அவள் முதல் நாளில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. கண் முழுவதும் கத்தியிலேயே இருந்திருக்கிறது. முகத்துக்கு அவளிடம் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்த காலத்தில் ஒருநாள் காலை புஷ்பம் கட்டுகஸ்தோட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய நாத்தனார் மகன் ரமேஷ், த்ரீவீலர் ஓட்டுபவன், கூட்டிவந்திருந்தான்.

"மிஸ், அந்தப் பையன் வீட்டுக்குப் போகணும். நீங்க கூட வரணும்."

"எதுக்கு புஷ்பம்?"

"மன்னிப்பு கேக்கணும். எனக்குக் கடைச் சிங்களம் தெரியும். தேத்தண்ணி, சீனி, சிகரெட்டு. மன்னிப்பு கேக்கிற சிங்களம் தெரியாது மிஸ்."

நுவன் வீட்டார் சம்மதிக்கிறார்களா என்று ஆள்விட்டுக் கேட்டோம். வரச்சொன்னார்கள். ரமேஷின் த்ரீவீலரில் போய்க்கொண்டிருந்தபோது அவன் கண்ணாடியில் பார்த்தபடி திடீரென்று சொன்னான்:

"மாமி, நான் ஒன்னு சொல்லணும். அந்தப் பையனைப் புடிச்ச அன்னிக்கு அவன்ட படம் எல்லார் போன்லயும் ஓடிச்சு. செத்த வீட்டுல ஒங்களுக்கு நாந்தான் காட்டினேன். 'இவனத்தான் புடிச்சிருக்காங்க மாமி'ன்னு."

"நீயா? எப்ப காட்டின? எனக்கு யாரும் காட்டல."

"போன கையில வாங்கிப் பாத்தீங்களே. பெருசு பண்ணிக் காட்டச் சொன்னீங்க."

"இல்ல ரமேசு. எனக்கு அப்பிடி ஞாபகமே இல்ல." என்னைப் பார்த்தாள். "சாமி சத்தியமா இல்ல மிஸ். கோட்டுல பொய் சொல்லுவேனா?"

பொய் இல்லை என்று சொன்னேன். நுவனின் முகம் போனிலிருந்து வந்தது; எங்கிருந்து வந்தது என்பது மட்டும் போய்விட்டது. முகம் தனியே கிடந்தது. கடையில், மழையில், கத்திக்கு மேலே ஒரு வெற்றிடம் இருந்தது. அது அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. பிளாஸ்டர் ஒட்டி, சப்பாத்துக் கழற்றி, அந்த நல்ல மனிதர் அவ்வளவு கவனமாக வரிசையை அமைத்தபோது காரியம் ஏற்கெனவே முடிந்திருந்தது. புஷ்பம் வழி நெடுக, "எனக்குக் காட்டல, காட்டல" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு வந்தாள்.

நுவனின் வீடு மேட்டில் இருந்தது. அவனுடைய தாய் வாசலில் நின்று எங்களை உள்ளே கூப்பிட்டாள். புஷ்பத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் மாலை போட்ட ஒரு படம். நுவன் மறியலில் இருந்தபோது இறந்துபோன தகப்பன். சாவுக்கு அவனை விலங்கோடு கூட்டிவந்து, கொஞ்ச நேரத்தில் திரும்பக் கொண்டுபோய்விட்டார்களாம். பேசி வைத்திருந்த பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். இதையெல்லாம் தாய் ஒரே தொனியில் சொன்னாள். நானும் ஒரே தொனியில் தமிழில் சொன்னேன்.

நுவன் வந்து எதிரே உட்கார்ந்தான். புஷ்பத்தின் கை என் சேலையைப் பற்றிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தம்பி, நான் ஒனக்கு பாவம் செஞ்சிட்டேன். என்னை மன்னிச்சிரு."

மொழிபெயர்த்தேன். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்: "இந்த அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு நான் திகனையில் அக்கா வீட்டில் அறைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பொலிசுக்குச் சொன்னேன், சட்டத்தரணிக்குச் சொன்னேன், உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்போது அந்த அறை எனக்கு வருவதில்லை. சொல்லிக்கொண்டிருக்கிற நான்தான் வருகிறேன். என்ன நிறம் அடித்தேன் என்றுகூடத் தெரியவில்லை." தலையை நிமிர்த்தினான். "இந்த அம்மா ஏன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்?"

புஷ்பத்திடம் கேட்டேன்.

"தெறந்தா அவந்தான் நிக்கிறான் மிஸ். இந்தப் பையன் இல்லன்னு தெரியுது. கத்தியையும் காட்டினாங்க, அந்த ஆளையும் காட்டினாங்க. தெரியுது. ஆனா கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. அவரு குத்துப்பட்டது நெனவு வந்தா இந்த மொகந்தான் வருது." அழத் தொடங்கினாள். "எங்க வீட்டுக்காரரு மொகம்கூட இப்ப வரமாட்டேங்குது. படத்தப் பாத்தாத்தான் உண்டு. இந்தப் பையன் மொகம் மட்டும் எப்பவும் நிக்குது."

இதை மொழிபெயர்ப்பதா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

நுவன் கேட்டான்: "அந்தப் படம் இருக்கிறதா? நான் கொன்றதாக இத்தனை வருடம் சொன்னார்கள். அந்த மனிதரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை."

புஷ்பம் கண்ணைத் திறக்காமலே பேர்ஸைத் துழாவி எடுத்து நீட்டினாள். நான் வாங்கிக் கொடுத்தேன். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். அவன் அதை ஜன்னல் பக்கம் பிடித்து நெடுநேரம் பார்த்தான்.

"முன்நெற்றி அகலம்" என்றான். "தலையை இடது பக்கம் வகிடெடுத்து வாரியிருக்கிறார். வலது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது. மீசை மெல்லியது. சிரிக்கப் பார்க்கிறார், ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்."

அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னேன். கடைசியைக் கேட்டதும் புஷ்பத்தின் அழுகை நின்றது.

"முன்பல்லு ஒண்ணு இல்ல" என்றாள் மெதுவாக. "தேயிலைக் கவாத்துக் காட்டுல விழுந்து ஒடைஞ்சது. அதான் சிரிக்கிறப்போ வாய மூடிக்குவாரு. கடையில ஆளில்லாதப்பதான் வாயத் தெறந்து சிரிப்பாரு. ஆமா... அப்பிடித்தான் சிரிப்பாரு."

அதைச் சொல்லிக்கொண்டே, மறந்துபோய், கண்ணைத் திறந்துவிட்டாள்.

எதிரே நுவன் இருந்தான். அவள் உடம்பு பின்னால் போயிற்று. கதிரை சுவரில் இடித்தது. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் ஒருவருக்கும் அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நுவன் எழுந்தான். படத்தை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் மேசையில் வைத்தான். முகத்தை மறுபக்கம் திருப்பியபடி, சுவரோரமாகவே நடந்து, உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.